திருப்பிப் பார்க்காத காளான்: 2008ஆம் ஆண்டு நடந்த ஒரு குடும்ப விருந்து குறித்த நிகழ்வு ஆய்வு

2008 ஆகஸ்ட் பிற்பகுதியில், ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் மோரே பகுதியிலுள்ள ஃபாரஸ் ஊருக்கு அருகே, ஒரு பழைய பண்ணை மாளிகையில் நான்கு பேர் ஒன்றாக உட்கார்ந்து காட்டுக் காளான் சாப்பிட்டார்கள். அவர்களில் ஒருவர் ஆங்கில நாவலாசிரியர் நிக்கலஸ் எவான்ஸ். மற்ற மூவர் அவருடைய மனைவி, மனைவியின் உடன்பிறந்தவரான மைத்துனர், அந்த மைத்துனரின் மனைவி. மாளிகை மைத்துனருடையது, எவான்ஸ் தம்பதியர் விடுமுறைக்கு வந்திருந்த விருந்தினர்கள். காளானைப் பறித்தவர் எவான்ஸ். அவர் அதை, ஐரோப்பியர்கள் விரும்பி உண்ணும் ‘செப்’ என்ற நல்ல காளான் என்று நம்பினார். யாரும் அதை எந்த வழிகாட்டிப் புத்தகத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. காளான் வெண்ணெயில் வதங்கி மேசைக்கு வந்தது, நான்கு பேரும் சாப்பிட்டார்கள். வீட்டிலிருந்த பிள்ளைகள் சாப்பிடவில்லை.

அது செப் அல்ல. கார்ட்டினாரியஸ் ரூபெல்லஸ் என்று இன்று அழைக்கப்படும், சிறுநீரகத்தை அழிக்கும் காளான். நால்வரும் மருத்துவமனைக்குப் போனார்கள். அபர்டீன் நகரின் பெரிய அரசு மருத்துவமனையில் சிகிச்சை நடந்தது. எவான்ஸ், அவருடைய மனைவி, மைத்துனர் ஆகிய மூவருக்கும் சிறுநீரகங்கள் செயலிழந்து டயாலிசிஸ் தேவைப்பட்டது. பிற்காலத்தில் மாற்றுச் சிறுநீரகம் வேண்டியிருக்கும் என்றும் அவர்களிடம் சொல்லப்பட்டது. மைத்துனரின் மனைவிக்கு மட்டும் பாதிப்பு குறைவாக இருந்தது.

இந்த நிகழ்வு பத்திரிகைகளில் பெரிதாக எழுதப்பட்டது, ஆனால் பெரும்பாலும் ‘புகழ்பெற்ற எழுத்தாளருக்கு நேர்ந்த விபத்து’ என்ற கோணத்தில்தான். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. பறித்தவர், சமைத்த சட்டி, பரிமாறிய மேசை, உண்டவர்கள் என்று இத்தனை கட்டங்களைத் தாண்டிப் போன அந்தக் காளானை ஒரு கட்டத்தில்கூட ஏன் யாரும் நிறுத்தவில்லை? அதே கூடை ஓர் உணவகத்தின் பின்வாசலுக்குப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? காளான் பற்றிய அறிவைவிட, ஒருவரை ஒருவர் நம்பி வாழ்பவர்களிடையே கேள்வி கேட்பது எவ்வளவு கடினம் என்பதே இந்த நிகழ்வின் மையம் என்பது என் கருத்து. அதைக் காட்டுவதற்கு முதலில் காளானிலிருந்து தொடங்க வேண்டும்.

அடிப்பக்கம்

செப் எனப்படும் போலீட்டஸ் எடுலிஸ் காளானின் தொப்பி, நன்கு வெந்த ரொட்டியின் மேல்தோல் போன்ற பழுப்பு நிறம் கொண்டது. தண்டு தடித்தது, மேல்பகுதியில் வெள்ளை நூலால் பின்னிய வலை போல மெல்லிய வரிகள் ஓடும். தொப்பியைத் திருப்பினால் அடியில் செவுள்கள், அதாவது தகடு தகடாக அடுக்கிய மெல்லிய மடிப்புகள், இருக்காது. நுண்ணிய துளைகள் நெருங்கியமைந்த பஞ்சு போன்ற ஒரு படலம் இருக்கும். இளங்காளானில் அது வெள்ளையாகவும், முற்றும்போது மஞ்சளாகவும், பிறகு பாசிப் பச்சை கலந்தும் மாறும். விரலால் அழுத்தினால் பஞ்சு போலவே உள்வாங்கும்.

கார்ட்டினாரியஸ் ரூபெல்லஸின் தொப்பியும் பழுப்புத்தான், ஆனால் செம்மண் கலந்த, காவிக்கு நெருங்கிய பழுப்பு. தொப்பியின் நடுவில் பெரும்பாலும் ஒரு சிறு கூம்பு எழுந்து நிற்கும். தண்டில் மஞ்சள் நிறப் பட்டைகள் கோணல் மாணலாகச் சுற்றியிருக்கும். ஊசியிலைக் காடுகளின் ஈரமான, பாசி படர்ந்த தரையில் இது வளர்கிறது. திருப்பிப் பார்த்தால் தெரிவது செவுள்கள்: அகலமாக, இடைவெளி விட்டு அமைந்து, முற்றியதும் துருப்பிடித்த இரும்பின் நிறத்துக்கு வந்துவிட்டவை. இளம் பருவத்தில் தொப்பியின் விளிம்பையும் தண்டையும் இணைத்து ஒட்டடை போன்ற ஓர் இழைத் திரை இருக்கும். கார்ட்டினாரியஸ் என்ற பேரினப் பெயரே அந்தத் திரையிலிருந்து வந்ததுதான். தொப்பி விரியும்போது திரை கிழிந்து, மிச்ச இழைகள் தண்டில் ஒட்டிக்கொள்ளும்; உதிரும் வித்துகள் அவற்றின் மேல் படிந்து அந்த இடமும் துரு நிறமாகிவிடும்.

இவ்வளவையும் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காட்டுக் காளான்களில் சில இனங்களை நுண்ணோக்கி இல்லாமல் பிரித்தறிய முடியாது. அத்தகைய தவற்றுக்கு யாரையும் குறை சொல்ல வழியில்லை. இந்த இரண்டும் அப்படிப்பட்டவை அல்ல. துளைகளா, செவுள்களா என்ற ஒரே ஒரு கேள்வி இவற்றைப் பிரித்துவிடும். வட ஐரோப்பிய நாடுகளில் இதே நச்சுக் காளானை, உண்ணத் தகுந்த புனல் வடிவச் சாண்டரெல் காளான்களோடு சேர்த்துப் பறித்துவிட்டுப் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. அந்தக் குழப்பம் புரிந்துகொள்ளக் கூடியது: இரண்டும் ஒரே பாசித் தரையில் அருகருகே வளரும், ஒரே பழுப்பு, சாண்டரெல்லின் அடியிலும் செவுள் போன்ற மடிப்புகள் தண்டு வரை இறங்கும். செப் விஷயத்தில் அந்தச் சமாதானமும் இல்லை. ஆகவே மோரேயில் நடந்ததை அறியாமையால் வந்த தவறு என்று சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் ஒப்பவில்லை. அங்கே நடந்தது பார்க்காமை.

தாமதமாக வெளிப்படும் நஞ்சு

இந்தக் காளானிலுள்ள நச்சுப் பொருளின் பெயர் ஓரெல்லனின். அது எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்பதே ஒரு பாடம். 1950கள் வரை கார்ட்டினாரியஸ் பேரினத்தை யாரும் பெரிய ஆபத்தாகக் கருதவில்லை. 1952இல் போலந்தில் 102 பேர் ஒரே வகையான நோய்க்குறிகளோடு பாதிக்கப்பட்டார்கள். கடும் தாகம், வறண்ட வாய், இடுப்பு வலி, பிறகு சிறுநீரகச் செயலிழப்பு. 11 பேர் இறந்தார்கள். ஸ்தனிஸ்லாவ் க்ஷிமாலா என்ற போலந்து மருத்துவர் நோயாளிகளின் உணவு வரலாற்றைத் துருவி, எல்லாரும் கார்ட்டினாரியஸ் ஓரெல்லனஸ் என்ற காளானை உண்டிருந்ததை நிறுவினார். 1957இல் அதை வெளியிட்டார்; 1962இல் நச்சைப் பிரித்தெடுத்து அதற்குப் பெயரும் இட்டார். ரூபெல்லஸ் அதே நச்சைக் கொண்ட நெருங்கிய உறவு.

அத்தனை காலம் இந்த நஞ்சு கண்ணில் படாமல் இருந்ததற்குக் காரணம் அதன் தாமதம். பெரும்பாலான நச்சுக் காளான்கள் சில மணி நேரத்திலேயே வாந்தியாகவும் வயிற்றுப்போக்காகவும் தம்மை அறிவித்துவிடும். ஓரெல்லனின் அப்படியல்ல. உண்டவருக்கு இரண்டு மூன்று நாள் கழித்து, சில சமயம் இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் சிறுநீரகக் கோளாறு வெளிப்படும். அதற்குள் சாப்பிட்டது என்ன என்பதே மறந்துபோயிருக்கும். மோரேயில் மறுநாளே உடல்நலம் கெட ஆரம்பித்தது, மிக அதிக அளவு உண்டதற்கான அடையாளம் அது; அதனால்தான் காளானையும் நோயையும் உடனே தொடர்புபடுத்த முடிந்தது. அங்கே கிடைத்த ஒரே நல்வாய்ப்பு அதுதான்.

ஓரெல்லனின் மூலக்கூறின் அமைப்பு, களைக்கொல்லியான பாராகுவாட்டின் அமைப்பை ஒத்தது. அது சிறுநீரகத்தின் நுண்குழல்களைத் தாக்குகிறது. சமைத்தாலோ, உலர்த்தினாலோ, உறைய வைத்தாலோ அழியாது. மாற்று மருந்து கிடையாது. மருத்துவர்களால் செய்ய முடிவதெல்லாம் உடலைத் தாங்கிப் பிடிப்பதும், இரத்தத்தை இயந்திரத்தின் வழியே சுத்திகரிப்பதும், சிறுநீரகங்கள் தாமாக மீளுமா என்று காத்திருப்பதும்தான். சிலருக்கு மீளும், சிலருக்கு மீளாது. ஒரே தட்டிலிருந்து உண்டவர்களிடையேகூட ஒருவருக்கு முழுச் செயலிழப்பும் இன்னொருவருக்கு லேசான பாதிப்பும் ஏற்படுவது மருத்துவ நூல்களில் பதிவாகியுள்ள விஷயம். உண்ட அளவும் உடலின் தன்மையும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. இந்தக் குடும்பத்திலும் நான்கு பேரில் ஒருவர் தப்பினார், மூன்று பேர் தப்பவில்லை.

கேட்கப்படாத கேள்வி

இப்போது மேசைக்குத் திரும்பலாம். மைத்துனர் அந்த நிலத்தின் உரிமையாளர். அவருடைய குடும்பம் தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தது. எவான்ஸின் மனைவிக்கு அது பிறந்த குடும்பத்து மண். கிராமப்புற வாழ்க்கை எவான்ஸுக்கும் புதிதல்ல. அவர் எழுதியதே பெரும்பாலும் திறந்த வெளிகளையும் விலங்குகளையும் பற்றி. நகரத்திலிருந்து முதன்முறையாக வந்து, தெரியாத எதையோ பறித்தவர்களின் கதை அல்ல இது. இயற்கையோடு பழக்கமுள்ள நான்கு பேர் என்பதுதான் ஆபத்தைக் கூட்டியது என்று நான் நினைக்கிறேன். ஒன்றுமே தெரியாதவர்கள் அஞ்சுவார்கள், முறையாகக் கற்றவர்கள் திருப்பிப் பார்ப்பார்கள். நடுவில் நிற்பவர்களுக்குத்தான் அச்சமும் இல்லை, முறையும் இல்லை.

அதற்கு மேல் உறவு என்ற ஒன்று இருக்கிறது. மச்சான் வீட்டுக்கு வந்திருக்கும் மாப்பிள்ளை ஆசையோடு காட்டிலிருந்து பறித்து வந்ததை, ‘இது சரியான காளான்தானா, எப்படித் தெரியும்?’ என்று வீட்டுக்காரர் கேட்பாரா? கேட்டால் அது அவமதிப்பாகிவிடும் என்று நினைப்பார். மனைவி கேட்கலாம், ஆனால் தன் பிறந்த குடும்பத்தார் எதிரில் கணவரைத் திருத்துவதாகத் தோன்றும். பறித்தவரோ, இந்த நிலத்தை அறிந்தவர்கள் முன்னால்தான் கூடையை வைக்கிறோம், தவறு என்றால் அவர்கள் சொல்லியிருப்பார்கள் என்று எண்ணலாம். அந்த நான்கு பேரின் மனத்தில் அன்று என்ன ஓடியது என்பதை நான் சொல்லவில்லை. உறவுகளின் மேசையில் எந்தக் கேள்வியும் எப்படித் தேய்ந்துபோகிறது என்பதைச் சொல்கிறேன். ஒவ்வொருவரும் அடுத்தவரின் மௌனத்தையே ஒப்புதலாக எடுத்துக்கொள்கிறார்கள். நான்கு மௌனங்கள் சேர்ந்து ஓர் உறுதிமொழி போல ஆகிவிடுகின்றன.

மணவாழ்க்கையில் இது இன்னும் ஆழமாக வேலை செய்கிறது. நெடுங்காலம் சேர்ந்து வாழ்பவர்கள் தினமும் ஒருவர் கையால் மற்றவர் உண்கிறார்கள். உப்பு கூடிற்றா, காரம் குறைந்ததா என்று கேட்பார்களே தவிர, இது உணவுதானா என்று கேட்பதில்லை. கேட்கும் நிலை வந்தால் அந்த மணவாழ்க்கையில் வேறு ஏதோ முறிந்திருக்கிறது என்று பொருள். இப்படி ஒருவரை ஒருவர் ஆராயாமல் ஏற்றுக்கொள்வதுதான் இல்லறத்தின் இளைப்பாறல். அந்த இளைப்பாறலைக் குறையாக நான் பார்க்கவில்லை. ஆனால் காட்டுக் காளான் என்ற ஒரு பொருள் மட்டும் அந்த ஏற்பாட்டுக்குள் நுழைய அனுமதிக்கப்படக் கூடாதது. அதற்கு வேறொரு வகை உறவு தேவைப்படுகிறது: வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையே இருப்பது போன்றது.

பின்வாசலில்

உணவகங்களுக்குக் காட்டுக் காளான் கொடுத்து வாழும் தொழில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறது. பருவம் குறுகியது, மழை பெய்தால் கூடை நிறையும், இல்லாவிட்டால் காடு முழுக்க நடந்தும் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். பறிப்பவர் விடியுமுன் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் முடித்து, மதியத்துக்குள் உணவகத்தின் பின்வாசலில் நிற்க வேண்டும், ஏனென்றால் இரவு உணவுக்கான தயாரிப்பு அப்போதுதான் தொடங்கும். சமையலறையில் வேலை செய்பவருக்கு நாள் முடியவே நள்ளிரவு தாண்டிவிடும். கணவன் மனைவியில் ஒருவர் காட்டிலும் மற்றவர் சமையலறையிலுமாக வேலை செய்தால், ஒருவர் படுக்கும் நேரமும் மற்றவர் எழும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். காட்டின் வருமானம் நிலையற்றது, சமையலறையின் வருமானம் சிறியதானாலும் மாதந்தோறும் வருவது. இந்த இரண்டுக்கும் இடையேயுள்ள இழுபறி அந்த வீட்டுக்குள்ளும் வந்துவிடும்.

ஆனால் அப்படிப்பட்ட தம்பதியரிடம் இன்னொன்றும் இருக்கும், மோரேயில் அன்று இல்லாதது. பறித்தவர் கொண்டுவந்ததைச் சமைப்பவர் வாங்கிப் பார்க்கும் பழக்கம் அவர்களுக்குத் தொழிலாகவே கைவந்திருக்கும். அங்கே கேள்வி கேட்பது மனத்தாங்கலுக்கு உரியதல்ல, வேலையின் ஒரு பகுதி.

நல்ல உணவகத்தில் காளான் கூடை வந்து இறங்கும்போது நடப்பது இதுதான். பெட்டி மூடியை எடுத்தவுடன் முதலில் முகர்ந்து பார்ப்பார்கள். பிறகு மேலே உள்ளதை விட்டுவிட்டு, அடியிலிருந்து நாலைந்தை எடுப்பார்கள், ஏனென்றால் நல்லவற்றை மேலே அடுக்குவது எல்லாச் சந்தைக்கும் பொதுவான பழக்கம். ஒவ்வொன்றையும் கவிழ்த்து அடிப்பக்கம் பார்ப்பார்கள். ஒன்றிரண்டை நெடுக்கே பிளந்து, தண்டுக்குள் புழு துளைத்த தடம் இருக்கிறதா, வெட்டிய சதை நிறம் மாறுகிறதா என்று கவனிப்பார்கள். ஒரே பெட்டியில் இரண்டு இனங்கள் கலந்திருந்தால் அதை அப்படியே வாங்க மாட்டார்கள். கலந்த பெட்டிதான் ஆபத்தின் முதல் வாசல். எடை போட்டு, எந்த இனம், யார் பறித்தது, எந்த நாள், எந்த இடம் என்று எழுதி வைப்பார்கள். இவற்றில் எதுவும் பறித்தவர் மீதுள்ள சந்தேகத்தால் செய்யப்படுவதில்லை. பத்தாண்டுகளாகக் காளான் தருபவரின் பெட்டியும் இதே வரிசையில்தான் பார்க்கப்படும். அவரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். பார்க்காமல் வாங்கும் சமையல்காரரைத்தான் அவர் மதிக்க மாட்டார்.

அமெரிக்காவில் மாநிலங்கள் பின்பற்றுவதற்காக வகுக்கப்பட்ட மாதிரி உணவுச் சட்டமும் முன்பு இதையே எழுத்தில் வைத்திருந்தது. காட்டில் பறித்த காளான்களை உணவகம் பரிமாற வேண்டுமானால், அங்கீகரிக்கப்பட்ட ஒரு நிபுணர் ஒவ்வொரு காளானையும் தனித்தனியே பார்த்துப் பாதுகாப்பானது என்று கண்டறிந்திருக்க வேண்டும் என்றது அது. ‘ஒவ்வொரு’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. கூடையை அல்ல, ஒவ்வொரு காளானையும். மோரேயில் பறிக்கப்பட்ட கூடை அப்படி ஒருவர் கைக்குப் போயிருந்தால், முதல் காளானைக் கவிழ்த்த கணத்திலேயே மீதிக் கூடை குப்பைக்குப் போயிருக்கும்.

உணவகமும் தவறும் இடம்

உணவகச் சமையலறையை இவ்வளவு புகழ்ந்த பிறகு, அதன் எல்லையையும் சொல்லாவிட்டால் இந்த ஆய்வு நேர்மையாகாது. 2023 மார்ச் கடைசிக்கும் ஏப்ரல் நடுப்பகுதிக்கும் இடையே, அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் போஸ்மன் நகரிலுள்ள ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 51 பேர் நோயுற்றார்கள். 2 பேர் இறந்தார்கள். காரணம் மோரல் எனப்படும், வேக வைத்து உண்ணும் ஒரு காளான். இங்கே அடையாளம் காண்பதில் எந்தத் தவறும் நடக்கவில்லை. அவை உண்மையாகவே மோரல்கள். காட்டில் பறித்தவைகூட அல்ல, சீனாவில் வளர்த்து இறக்குமதி செய்யப்பட்டவை. ஆகவே காட்டுக் காளான்களுக்கான விதி அவற்றைத் தொடவே இல்லை.

தவறு சட்டியில் இருந்தது, சரியாகச் சொன்னால் சட்டி ஏறாததில் இருந்தது. மோரல்களைப் பச்சையாக உண்ணக் கூடாது. நன்றாக வேக வைக்க வேண்டும். அந்த உணவகத்தில் ஒரு நாள் அவற்றின் மேல் கொதிக்கும் சாற்றை ஊற்றி ஊற வைத்தார்கள். இன்னொரு நாள் வேக வைக்காமலேயே ஊற வைத்துப் பரிமாறினார்கள். பின்னர் நடந்த விசாரணையில், அதிகம் உண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு அதிகமாக இருந்ததும், ஓரளவாவது வெந்ததை உண்டவர்களைவிடப் பச்சையாக உண்டவர்களிடம் நோயின் தொடர்பு வலுவாக இருந்ததும் தெரிய வந்தன. இதற்கு முன்னோடியும் உண்டு: 1991இல் கனடாவின் வான்கூவரில் 483 பேர் கலந்துகொண்ட ஒரு விருந்தில், வேக வைக்காத மோரல் சேர்த்த சாலட் பரிமாறப்பட்டு 77 பேர் நோயுற்றார்கள். முப்பதாண்டு இடைவெளியில் அதே தவறு.

மோரேயையும் போஸ்மனையும் அருகருகே வைத்தால் ஒன்று புலப்படுகிறது. வீட்டில் கேள்வி உறவால் அடைக்கப்பட்டது. உணவகத்தில் கேள்வி வாசலிலேயே கேட்கப்பட்டு, அங்கேயே முடிந்துபோனது. ‘இது என்ன காளான்’ என்பதற்குச் சரியான விடை கிடைத்துவிட்டதால், ‘இதை எப்படிச் சமைக்க வேண்டும்’ என்பது யாருடைய பொறுப்பும் அல்லாமல் போயிற்று. இருந்தும் இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. போஸ்மனில் எழுத்துப் பதிவுகள் இருந்தன, யார் எந்த நாளில் என்ன சாப்பிட்டார்கள் என்று தேட முடிந்தது, மோரல்கள் எந்த இறக்குமதியாளர் வழியாக வந்தன என்று பின்தொடர முடிந்தது. வீட்டு மேசையில் நினைவு மட்டுமே மிஞ்சும். காட்டுக் காளான் உண்ணும் பழக்கமுள்ளவர்கள், சமைப்பதற்கு முன் ஒரு முழுக் காளானைக் காகிதத்தில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் எடுத்து வைப்பது அதனால்தான். நோய் வந்தால் மருத்துவருக்குக் காட்ட அதுதான் சான்று. வீட்டில் செய்யக் கூடிய எல்லா முன்னெச்சரிக்கைகளிலும் இதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் அதைச் செய்ய யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு

டயாலிசிஸ் என்பது ஒரு சிகிச்சையின் பெயர் மட்டுமல்ல, ஒரு வாழ்க்கை முறையின் பெயர். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் அல்லது அதற்கு மேல் இயந்திரத்தோடு இணைந்திருக்க வேண்டும். குடிக்கும் தண்ணீர் அளந்து குடிக்க வேண்டும். பொட்டாசியம் உள்ள காய் கனிகளை எண்ணி உண்ண வேண்டும். பயணம் என்றால் போகும் ஊரில் இயந்திரம் உண்டா என்று முதலில் கேட்க வேண்டும். இது ஒருவருக்கு வந்தால், துணைவர் பராமரிப்பாளராகிவிடுவார். எவான்ஸ் வீட்டில் கணவன் மனைவி இருவருமே நோயாளிகள். யார் யாரைப் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியே அங்கே வேறு வடிவம் எடுத்திருக்கும்.

இதற்கிடையில் எவான்ஸ் எழுதுவதை நிறுத்தவில்லை. 2010இல் அவருடைய ஒரு நாவல் வெளிவந்தது. 2011இல் அவருடைய மகள் தன் சிறுநீரகங்களில் ஒன்றை அவருக்குத் தந்தார். பிள்ளையின் உடலிலிருந்து ஓர் உறுப்பைப் பெற்றுக்கொள்வது எந்தத் தகப்பனுக்கும் இலகுவானதல்ல. வழக்கமாகப் பிள்ளைக்குப் பெற்றோர் தருவார்கள். இங்கே திசை மாறிவிட்டது, அதுவும் தன் கையால் பறித்த ஒன்றின் விளைவாக. உறவு அந்த மேசையில் கேள்வியைத் தடுத்தது என்று மேலே எழுதினேன். அதே உறவுதான் மூன்றாண்டு கழித்து ஓர் அறுவை மேசையில் இன்னொருவரைக் கேள்வியின்றிப் படுக்க வைத்தது. இந்த இரண்டையும் தனித்தனியே பிரித்து, ஒன்றைக் குறை என்றும் மற்றதைப் பெருமை என்றும் எழுத என்னால் முடியவில்லை. எவான்ஸ் 2022 ஆகஸ்டில் தம் 72ஆம் வயதில் மாரடைப்பால் இறந்தார். அதுவரை அவரும் அவருடைய மனைவியும் சேர்ந்தே வாழ்ந்தார்கள்.

இத்தகைய நிகழ்வுகளைத் தடுப்பதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை, ‘தெரியாத காளானை உண்ணாதீர்கள்’ என்பது. அந்த அறிவுரை மோரேயில் எவருக்கும் உதவியிருக்காது, ஏனென்றால் அங்கே யாருக்கும் அது தெரியாத காளானாகத் தோன்றவில்லை. தெரியும் என்று நினைப்பவரை நிறுத்துவதற்கு அறிவுரை போதாது. வெளியிலிருந்து இன்னொரு கண் வேண்டும், அந்தக் கண் குடும்பத்துக்குள் இருக்கக் கூடாது. பிரான்சில் மருந்தாளுநர் படிப்பிலேயே காளான் இனங்களை அறிவது ஒரு பகுதி. காட்டிலிருந்து வருபவர்கள் கூடையோடு மருந்துக் கடைக்குள் நுழைந்து காட்டுவது அங்கே நெடுநாள் வழக்கம். சுவிட்சர்லாந்து இன்னும் ஒரு படி மேலே போய் அதைப் பொதுச் சேவையாகவே ஆக்கியது. அங்கே ஊராட்சிகள் நடத்தும் காளான் பரிசோதனை நிலையங்கள் இருக்கின்றன. அவற்றின் பரிசோதகர்களுக்கான சங்கம் 1925இலேயே தோன்றிவிட்டது.

அந்த நிலையங்களில் வேலை எளிமையானது. பருவ காலத்து மாலையில் ஒரு நீண்ட மேசை, நல்ல வெளிச்சம், பரிசோதகர் ஒருவர். வருபவர்கள் வரிசையில் நின்று, தம் முறை வந்ததும் கூடையை மேசையில் கவிழ்க்க வேண்டும். பரிசோதகர் இனம் இனமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கவிழ்த்து அடிப்பக்கம் பார்க்கிறார். உண்ணத் தகாதவற்றை எடுத்து ஒதுக்குகிறார். கொல்லும் காளான் ஒன்று உடைந்து மற்றவற்றோடு கலந்திருந்தால் முழுவதையும் எடுத்துக்கொள்கிறார். மீதியை எப்படிச் சமைக்க வேண்டும், எதை நெடுநேரம் வேக வைக்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்புகிறார். பறித்த கணவனும் சமைக்கப் போகும் மனைவியும் மேசையின் ஒரே பக்கத்தில், தோளோடு தோள் நின்று, எதிரில் இருப்பவரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் ஒரு காளானை எடுக்கிறார், திருப்புகிறார், கொஞ்சம் யோசிக்கிறார், இடது பக்கத்துக் குவியலில் வைக்கிறார்.